கெட்டது கணினி, கெடவில்லை கோப்பு

சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. லினக்ஸ் போட்ட கணினி படுத்துவிட்டது, உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா? ஆகவே இந்தமுறை சினிமாவும் அரசியலும் காத்திருக்கட்டும்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் போட்ட கணினி. கரண்ட் போய்ப் போய் வந்ததில், ஒருநாள் கறுப்புத் திரையும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஒரு சொல்லும்தான் மிச்சம். பாவு, ஊடை, தறிக்கூலி என்று மூன்று வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. கடைக்காரர், "ஃபார்மட் அடிச்சிருவோம் அண்ணாச்சி, புதுசு மாதிரி ஓடும்" என்கிறார். சரி என்று சொல்லிவிடவா?
- விசைத்தறி உரிமையாளர், சங்கரன்கோவில்

பதில்: முதலில் கடைக்குப் போன் போட்டு 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் கணக்கு பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. லினக்ஸின் கெர்னல் என்ற மையப் பகுதி எழுந்துவிட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்கில் தனக்குரிய பகுதியைத் திறக்க முடியவில்லை என்பதுதான் அந்தக் கறுப்புத் திரைக்கு அர்த்தம். டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டில் குளறுபடி வரும். சந்தேகம் வந்தால் மேலே போகாமல் நின்றுவிடுவது லினக்ஸின் வழக்கம். வாசல் பூட்டு மக்கர் செய்கிறது, உள்ளே பீரோ அப்படியேதான் இருக்கிறது. ஃபார்மட் என்பது பூட்டு திறக்கவில்லையே என்று வீட்டை இடிக்கிற வேலை.

விஷயம் தெரிந்தவர்கள் இன்னொரு யோசனை சொல்வார்கள்: "எஃப்எஸ்சிகே கட்டளையைக் கொடு, சரியாகிவிடும்." பல சமயம் சரியாகவும் ஆகிறது. ஆனால் அந்தக் கட்டளை டிஸ்கில் எழுதித்தான் திருத்துகிறது. டிஸ்கே செத்துக்கொண்டிருந்தால், அது செய்யும் திருத்தத்தில் உங்கள் கோப்புகள் பெயரிழந்து, வெறும் எண்களோடு 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அடைவில் போய் விழும். எந்தத் தறிக்கு எந்தக் கணக்கு என்று அப்புறம் நீங்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். முதலில் நகல், அப்புறம் பழுதுபார்ப்பு. இந்த வரிசை மாறினால்தான் கோப்பு போகிறது. கணினி படுத்ததால் போன கோப்புகளைவிட, அதை எழுப்பப் போனவர்களின் அவசரத்தால் போன கோப்புகள் அதிகம்.

கேள்வி: நகல் எடு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். கணினியே எழுந்திருக்காதபோது எப்படி எடுப்பது?
- பட்டப்படிப்பு மாணவி, குவளைக்கண்ணி

பதில்: நியாயமான கேள்வி. கணினிக்குள் இருக்கும் லினக்ஸ் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பென் டிரைவில் இன்னொரு லினக்ஸைக் கொண்டுவந்து அதை எழுப்பினால் போதும். இதை 'லைவ்' முறை என்பார்கள்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலியானதாக இருக்கட்டும், ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கோப்பு மீட்கப் போய்ப் பென் டிரைவில் இருந்த படங்களை இழந்தவர்கள் உண்டு. தோழியின் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ லினக்ஸ் மின்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். அதைச் சும்மா காப்பி செய்து பென் டிரைவில் போட்டால் வேலை செய்யாது. ரூஃபஸ், எட்சர் போன்ற இலவச மென்பொருள் வழியாகத்தான் எழுத வேண்டும்.

பிறகு பென் டிரைவைப் படுத்த கணினியில் செருகி, பவர் பட்டனை அழுத்திய கையோடு பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஏசுஸ் மடிக்கணினி என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்களில் முழு டெஸ்க்டாப்பும் விரியும். அதில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு சின்னம் கண்ணைப் பறிக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்! நமக்கு வேண்டியது கோப்பு மேலாளர் மட்டும். அதன் இடது ஓரத்தில் உங்கள் ஹார்ட் டிஸ்க் தெரியும். திறந்து 'ஹோம்' அடைவுக்குள் போனால் உங்கள் பெயரில் ஓர் அடைவு இருக்கும். உங்கள் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, அந்த அடைவை முழுதாக அதற்கு மாற்றுங்கள்.

கேள்வி: லைவ் முறையில் எழுப்பிப் பார்த்தேன். கோப்புறையில் பூட்டுப் படம் போட்டு 'அனுமதி இல்லை' என்கிறது. என் கோப்புக்கு எனக்கே அனுமதி இல்லையா?
- தனியார் நிறுவன ஊழியர், ராஜபாளையம்

பதில்: உங்களுக்கு உண்டு. பென் டிரைவிலிருந்து எழுந்த லினக்ஸுக்கு நீங்கள் யாரென்று தெரியாது, அவ்வளவுதான். மின்டில் அந்தக் கோப்புறைமேல் வலது சொடுக்கில் 'ஓபன் ஆஸ் ரூட்' என்று இருக்கும், அதைக் கொடுங்கள். பூட்டு திறக்கும். அந்த அதிகாரம் கையில் இருக்கும்போது நகல் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதையும் நகர்த்தவோ அழிக்கவோ வேண்டாம்.

நகல் எடுக்கும் நேரத்தில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த அடைவுகள் அப்போதுதான் தெரியும். தண்டர்பேர்ட் மின்னஞ்சல்கள், ஃபயர்ஃபாக்ஸில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஆவணங்கள், படங்கள் என்ற இரண்டு அடைவுகளை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக ஃபார்மட் செய்தவர், மறுநாள் பழைய மின்னஞ்சலைத் தேடும்போதுதான் போனது என்னவென்று உணர்வார்.

கேள்வி: கல்யாண வீடியோ மட்டும் வெளி டிஸ்குக்குப் போக மறுக்கிறது. மற்றதெல்லாம் போகிறது.
- வாசகர், சிவகிரி

பதில்: வீடியோ 4 ஜிபியைத் தாண்டியிருக்கும். உங்கள் வெளி டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கும். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நுழையாது. எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள வேறு டிஸ்கில் போடுங்கள்.

கேள்வி: டிஸ்கைக் கழற்றி அண்ணனின் விண்டோஸ் கணினியில் மாட்டினேன். 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்கிறது.
- வாசகர், புளியங்குடி

பதில்: 'கேன்சல்' கொடுங்கள். லினக்ஸ் 2008-ஆம் ஆண்டு முதல் தந்துவரும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்காது. தனக்குப் புரியாததை வெற்று டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு இப்படிக் கேட்கும். பயந்தோ பழக்கத்திலோ 'ஓகே' அழுத்திவிடுகிறவர்களால்தான் நல்ல நிலையில் இருந்த டிஸ்குகள் பல பாழாகியிருக்கின்றன. அதே கணினியை லைவ் பென் டிரைவில் எழுப்பிப் படியுங்கள்.

கேள்வி: அச்சகம் நடத்துகிறேன். பத்திரிகை டிசைன்கள் எல்லாம் உள்ள டிஸ்க், லைவ் முறையில் தெரிகிறது. ஆனால் காப்பி செய்யும்போது கொஞ்ச தூரம் போய் உறைந்துவிடுகிறது. பொறுமையாகத் திரும்பத் திரும்ப முயல்கிறேன்.
- அச்சக உரிமையாளர், திருவேங்கடம்

பதில்: இங்கே பொறுமை கூடாது, தயவுசெய்து நிறுத்துங்கள். டிஸ்கின் பரப்பில் சில இடங்கள் கெட்டுவிட்டன. ஒவ்வொரு முயற்சியிலும் டிஸ்க் அதே கெட்ட இடத்தில் முட்டி மோதி, மிச்சமிருக்கும் ஆயுளையும் செலவழிக்கிறது. நல்ல இடங்கள் படிக்கப்படாமலே காத்திருக்கின்றன.

இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது: குனூ டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் என்பவர் எழுதியது, இலவசம். அதன் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. படிக்க எளிதான இடங்களை எல்லாம் முதலில் வேகமாகப் படித்து இன்னொரு டிஸ்கில் எழுதிவிடும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், எங்கே தாண்டினோம் என்று 'மேப்' கோப்பு ஒன்றில் குறித்துவைக்கும். சுலபமானது முழுக்கக் கைக்கு வந்தபிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து சுரண்டத் தொடங்கும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த மேப் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால் மேப் கோப்பைப் பென் டிரைவின் லைவ் நினைவகத்தில் வைக்காதீர்கள், தனியாக இன்னொரு பென் டிரைவில் வையுங்கள். இல்லையென்றால் கரண்டோடு அதுவும் போகும்.

நகல் போகும் டிஸ்க் மூல டிஸ்கைவிடக் கொஞ்சமாவது பெரியதாக இருக்க வேண்டும். மூலம் எது, நகல் எது என்பதைக் கட்டளை கொடுப்பதற்குமுன் உரக்கப் படித்துச் சரிபாருங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால், காலி டிஸ்கின் வெறுமை உங்கள் டிசைன்கள்மேல் எழுதப்படும். டிஸ்கின் அளவையும் தயாரிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற டெக்னீஷியனை நம்பலாம். அதற்குமேல் செய்யும் பழுதுபார்ப்பெல்லாம் நகலில்தான். மூல டிஸ்கைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார்.
- வாசகி, வாசுதேவநல்லூர்

பதில்: ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் டிஸ்குக்குள் ஈரம் படியும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழலும் தட்டு, அதன்மேல் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில் மிதக்கும் தலை. அங்கே ஈரத்துக்கு இடம் எது? டிக் டிக் என்ற சத்தம் வந்தால் பெரும்பாலும் அந்தத் தலைதான் பழுது. மின்சாரத்தை நிறுத்துங்கள், திறந்து பார்க்காதீர்கள், டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். செலவு கூடுதல். உள்ளே இருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க முடியும். தகாது என்றால் டிஸ்கைப் பத்திரமாக வைத்திருங்கள், வசதி வரும்போது பார்க்கலாம்.

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆடித்தபசுக்கு எடுத்த படங்கள் உள்ள அடைவையே உதவிக்கு இருந்த பையன் அழித்துவிட்டான். குப்பைத்தொட்டியிலும் இல்லை.
- புகைப்படக் கலைஞர், சங்கரன்கோவில்

பதில்: பையனைத் திட்டுவதற்குமுன் கணினியை அணையுங்கள். அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஏதோ ஒன்றை டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த எழுத்து உங்கள் படத்தின்மேல் விழுந்தால் திரும்பாது.

அடுத்து, கேமராவின் மெமரி கார்டைப் பாருங்கள். அதில் இன்னும் படம் எடுக்கவில்லை என்றால் அங்கேயே கிடைக்கலாம். கார்டை மறுபடி பயன்படுத்தியிருந்தாலும் முழுக்க நிரம்பாதவரை ஓரளவு கிடைக்கும்.

டிஸ்க்தான் கதி என்றால், ஃபோட்டோரெக் என்ற கருவி இருக்கிறது. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்பை அழிக்கும்போது, அது டிஸ்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. ஆனால் படத்தின் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. ஃபோட்டோரெக் அந்தக் குறிப்பைத் தேடுவதில்லை. டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, ஜேபெக் படம் தொடங்கும் அடையாளம் எங்கே வருகிறதோ அங்கிருந்து படத்தை அள்ளுகிறது. அதனால் படம் கிடைக்கும், பெயர் கிடைக்காது. பல்லாயிரம் படங்கள் வெறும் எண்களோடு வந்து குவியும். கலங்க வேண்டாம். படம் எடுத்த நாளும் நேரமும் கேமரா மாடலும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பொதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தினால் தபசுக் காட்சி தனியாக, மறுநாள் காதுகுத்து தனியாகப் பிரிந்துவிடும். மீட்ட படங்களை அதே டிஸ்கில் சேமிக்காதீர்கள்.

இவ்வளவும் சுழலும் ஹார்ட் டிஸ்குக்குத்தான். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. உபுண்டு போன்றவை வாரம் ஒருமுறை 'டிரிம்' என்ற கட்டளையை எஸ்எஸ்டிக்கு அனுப்பி, அழித்த இடங்களை உண்மையாகவே காலி செய்யச் சொல்கின்றன. அது ஓடிவிட்டால் எந்தக் கருவிக்கும் வேலை இல்லை.

கேள்வி: கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எழுதுகிறேன். மறைந்த என் பெரியப்பா ஊர்க் கோயில், கல்வெட்டு, வாய்மொழிக் கதைகள் பற்றி வருடக்கணக்கில் தட்டெழுதி வைத்திருந்தார். அந்தப் பழைய லினக்ஸ் கணினி எழுந்திருக்கவில்லை. "பழசுதானே, எடைக்குப் போட்டுவிடலாம்" என்கிறார்கள் வீட்டில். போடட்டுமா?
- ஆசிரியை, கரிவலம்வந்தநல்லூர்

பதில்: போடக் கூடாது. வேறு எந்த ஊர்க்காரர் கேட்டிருந்தாலும் பொறுமையாகச் சொல்லியிருப்பேன். உங்கள் ஊர்க்காரருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உங்கள் ஊரோடு இணைந்திருந்தவர் வரதுங்கராம பாண்டியர். அரசர், பிரமோத்தர காண்டம் பாடிய புலவர். அவருடைய ஏட்டுச் சுவடிகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த உ.வே.சாமிநாதையர் அங்கே வந்தார். அரசருக்குப் பின் ஏறக்குறைய 300 ஆண்டுகள் கடந்திருந்தன. கோயில் பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டபோது, ஏடுகள் நிறைய இருந்ததாகவும், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பதால் சாஸ்திரப்படி குழி வெட்டித் தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகவும் பதில் வந்தது. ஐயர் இதை வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார்.

எரித்தவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர். பழையதை முறைப்படி ஒழுங்கு செய்கிறோம் என்று பக்தியோடு செய்தார்கள். செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏட்டையும் ஐயர் படித்திருப்பார். சிதைந்த பிரதிகளை வைத்துக்கொண்டுதானே வேலை செய்தார்? 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டதில் தொடங்கி, பல ஊர்ப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு 1887-இல் பதிப்பித்தார். ஒரு பிரதியில் விட்டுப்போன வரி இன்னொரு ஊர்ப் பிரதியில் கிடைத்தது. வேறு ஊரில் நகல் இருந்தது பிழைத்தது. கரிவலத்தில் மட்டும் இருந்தது எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது, அந்தப் பட்டியலும் நம்மிடம் இல்லை.

உங்கள் வீட்டில் கிடப்பதும் அந்த ஊர்க் கதைதான், அதற்கும் ஒரே பிரதிதான். பெட்டியை எடைக்குப் போடுவதானால் போடுங்கள், ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு. நான்கு திருகுதான். மேசைக் கணினியின் டிஸ்க் என்றால், சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் வாங்கும்போது தனி மின் அடாப்டரோடு கேட்டு வாங்குங்கள். பெரிய டிஸ்குக்கு யூஎஸ்பி தரும் மின்சாரம் போதாது. இன்னும் பழையது என்றால் அகலமான பட்டை கேபிள் கொண்ட ஐடிஇ வகையாக இருக்கும், அதற்கும் மாற்றி உண்டு. லினக்ஸ் ஓடும் ஏதாவதொரு கணினியில் செருகி, படிக்க மட்டும் திறந்து நகல் எடுங்கள்.

கோப்பைத் திறந்ததும் அர்த்தமில்லாத ஆங்கிலக் குறிகள் தெரிந்தால் 'கெட்டுப்போய்விட்டது' என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு முன் தட்டிய தமிழாக இருக்கும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. யூனிகோடுக்கு 2010-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு மாதிரி. பெரியப்பாவின் டிஸ்கிலேயே அந்த எழுத்துருக் கோப்பும் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றை யூனிகோடாக்கிவிடலாம். ஆக்கிய பிறகு ஒரு நகலை ஊரில் வையுங்கள், இன்னொன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள்.

கேள்வி: அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தன. விண்டோஸை மறுபடி நிறுவியதும் லினக்ஸ் காணாமல் போய்விட்டது. அதில்தான் என் செய்முறைப் பாடங்கள்.
- முன்னாள் மாணவர், பனையூர்

பதில்: விண்டோஸ் தன் பகுதியில் மட்டும் அமர்ந்திருந்தால், காணாமல் போனது லினக்ஸுக்கான வழிகாட்டிப் பட்டியல் மட்டுமே. லைவ் பென் டிரைவில் எழுப்பிப் பாருங்கள், சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸின் பகுதி அங்கேயே இருக்கும். நிறுவும்போது 'முழு டிஸ்கையும் அழி' என்று கொடுத்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியால் பழைய பகுதியைத் தேடலாம். முழுதும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: முழு டிஸ்கையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தேன். கடவுச்சொல் மறந்துவிட்டது.
- வாசகர், கழுகுமலை

பதில்: வழி இல்லை. லக்ஸ் என்ற அந்தப் பூட்டு திருடனுக்குத் திறக்கக் கூடாது என்றுதான் செய்யப்பட்டது, உரியவர் யார் என்று அதற்குத் தெரியாது. 'திறந்து தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். மற்ற வாசகர்களுக்கு: கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அந்தப் பூட்டின் தலைப்பகுதிக்கும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். தலைப்பகுதி கெட்டால் சரியான கடவுச்சொல் இருந்தும் திறக்காது.

கேள்வி: லினக்ஸ் க்ராஷே ஆகாது என்றார்களே?
- வாசகர், குருக்கள்பட்டி

பதில்: வைரஸ் தொல்லை குறைவு, அது உண்மை. ஆனால் டிஸ்க் தேய்வதையும் இடி இறங்குவதையும் எந்த இயங்குதளமும் தடுக்காது.

கேள்வி: மின்டில் டைம்ஷிஃப்ட் தினமும் ஓடியது. அதிலிருந்து எடுக்கப் போனால் என் கோப்பு ஒன்றுகூட இல்லை. ஏமாற்றிவிட்டதே!
- கணக்காளர், தென்காசி

பதில்: ஏமாற்றவில்லை, ஆனால் உங்களைப் போல் எத்தனையோ பேர் நம்பிக் கெட்டிருக்கிறார்கள். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை. உங்கள் ஹோம் அடைவை இயல்புநிலையில் அது தொடாது. கோப்புகளுக்கு உபுண்டுவில் 'பேக்கப்ஸ்' என்ற செயலி, மின்டில் 'பேக்கப் டூல்' இருக்கின்றன. கட்டளை பழகியவர்களுக்கு ஆர்சிங்க். எல்லாம் இலவசம், வெளி டிஸ்க் வாங்கும் காசு மட்டும்தான் செலவு. பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள், இடியோ மின்னழுத்த ஏற்றமோ வந்தால் செருகியிருப்பதெல்லாம் சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்றே நான் எண்ணமாட்டேன்.

கேள்வி: இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குத்தானே? பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்குமா?
- பொறியியல் மாணவர், கரிவலம்வந்தநல்லூர்

பதில்: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், சர்வரை மாற்றிப் பார்த்துத் தவறான அடைவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்தினார். பேக்கப்புக்கென்று வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளும் சரியாக ஓடவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகலே கைகொடுத்தது. நடந்ததை நிறுவனம் மறைக்காமல் முழுதாக வெளியிட்டது, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

1998-இல் பிக்சாரில் 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகள் ஒரு கட்டளையில் அழியத் தொடங்கின. பேக்கப் சரியாக இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த நகல் படத்தைக் காப்பாற்றியது. இரண்டு கதையிலும் காப்பாற்றியது வேறோர் இடத்தில் இருந்த நகல்.

கேள்வி: தமிழில் கற்றுக்கொள்ள இடம் உண்டா?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: உண்டு. 2012 முதல் வரும் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் கூடுகிறது. தயங்காமல் கேளுங்கள், நன்றாகத் தெரிந்தவர்கள் நல்ல தமிழில் சொல்லித்தருகிறார்கள்.

கேள்வி: சர்வீஸ் கடைக்காரன் நான். உங்களைப் படித்தால் எங்களைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். வாடிக்கையாளர் "சாயங்காலத்துக்குள் ஓடணும்" என்று உட்கார்ந்துகொண்டால் நாங்கள் என்ன செய்வது?
- கணினி பழுதுபார்ப்பவர், சங்கரன்கோவில்

பதில்: உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஃபார்மட் அரை மணி வேலை, கோப்பு மீட்பு ஒரு நாள் வேலை, கூலியோ கிட்டத்தட்ட ஒன்று. அந்த வித்தியாசத்தை வாடிக்கையாளர்தான் கொடுக்க வேண்டும். மீட்புக்குத் தனிக் கட்டணம் எழுதி வையுங்கள், கேட்டு வாங்குங்கள், தப்பே இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கணினியை வாங்கி வைக்கும் ரசீதில் ஒரு வரி அச்சடியுங்கள்: 'உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டுமா, வேண்டாமா?' பக்கத்தில் அவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழும்வரை ஃபார்மட் செய்யாதீர்கள்.